பதினொரு கூரைகள்

விடத்தல்தீவு
12.06.2017

அன்புள்ள தங்கை நிறஞ்சலாவுக்கு,

அக்கா லூசியா எழுதுவது. நீயும் உன் மனுஷன் டொமினிக்கும் குளிர் குறைந்து கொஞ்சம் வெயில் காண்கிறீர்கள் என்று கேள்விப்பட்டது சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் கதைத்தோம், பிறகென்ன கடிதம் என்று கேட்பாய். உங்கள் வீட்டில் போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிடுகிறீர்கள். இது உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது. செட்டிகுளம் முகாமிலிருந்து எழுதியதுபோல எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

என் கூரைக்கு சோலார் போட உதவுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து மனது லேசாகிவிட்டது. அவர் ஷெல்லில் போனபிறகு, திரும்பி வந்து குடியேறிய இந்த ஏழு வருஷமும் எனக்குச் சோறு போட்டது நண்டுதான். நண்டை வைக்கிற ஃபிரீசர் இரண்டும் கறன்டைக் குடிக்கிற குடியில் மாதம் முடிவதற்குள் நான் களைத்துப்போகிறேன். கூரையிலேயே கறன்ட் எடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் போன வெள்ளி கோயில் மண்டபத்தில் பெண்கள் சங்கத்துக்கு ஒரு கூட்டம் நடந்தது. மின்சாரக் கந்தோரில் வேலை செய்யும் பரீனா என்ற பிள்ளை வந்து விளங்கப்படுத்தினா. அவர்களும் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். நான் ஃபிரீசர் கதையைச் சொன்னதும், "அன்ரி, பனல் என்ன சாதி எண்டு பாக்கிறதுக்கு முதல் பூட்டுற ஆள் ஆரெண்டு பாருங்கோ" என்றா. பனலைக் கூரையில் பூட்டுகிறவர்கள் அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டுமாம். அந்தப் பட்டியலில் இல்லாத ஆள் பூட்டினால் மீற்றரும் மாற்றித்தர மாட்டார்களாம், பனல் கொம்பனியின் உத்தரவாதமும் செல்லாதாம். "அதெல்லாம் பிறகு. வெயில் அடிக்கும் மட்டும் பனலுக்குள்ள கறன்ட் இருக்கும். வீட்டு மெயினை நிப்பாட்டினாலும் அது நிக்காது. படிச்சு, சோதினை எழுதினவை கையிலதான் அதைக் குடுக்கவேணும்" என்று இரண்டு தரம் சொன்னா.

டொமினிக் தன் தம்பி றொசாந்தன் பூட்டட்டும் என்கிறார். றொசாந்தன் நல்ல பிள்ளை, எனக்கு மறுப்பில்லை. அவனுக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். சம்பந்தி வீட்டாரிடம் நேரே கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ பக்குவமாகக் கேட்டு எழுது.

பாசத்துடன்,
லூசியா அக்கா


பேர்கன், நோர்வே
04.07.2017

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்குவமாகத்தான் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். "உங்கட அக்காவுக்கு என்ர தம்பியில நம்பிக்கை இல்லையோ? தாள் கேக்கிறாவோ தாள்?" என்றார். இரண்டு நாள் என்னோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

அக்கா, உங்களுக்குத் தெரியாததா? பத்தொன்பது வயதில் அந்தப் பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிய இரண்டு வருஷம் ஆமியின் தடுப்பு முகாமில் இருந்தான். வெளியில் வந்தபிறகு எந்தக் கந்தோருக்குப் போனாலும் அவனிடம் கேட்டது ஒரு தாள்தான். அந்தத் தாள் இருக்கிறதா, இந்தத் தாள் இருக்கிறதா என்று. வவுனியாவில் ஒரு கொம்பனியில் பனல் சுமந்து, பார்த்துப் பார்த்து வேலை பழகி, இப்போதுதான் தன் காலில் நிற்கிறான். கல்யாணமும் கட்டிவிட்டான், டிலக்சனாவுக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். சொந்த அண்ணியின் அக்காவே நம்பாவிட்டால் வேறு யார் அவனைக் கூப்பிடுவார்கள்?

பட்டியலில் இருக்கிற கொம்பனிகள் கேட்பதில் பாதிதான் அவன் எடுக்கிறான். இவரும் அவனுக்கென்றுதான் உதவச் சம்மதித்தார். இதை இதற்குமேல் இழுக்காதீர்கள் அக்கா. இந்த வீட்டில் நான் இருக்க வேண்டும்.

உங்கள்
நிறஞ்சலா


விடத்தல்தீவு
28.08.2017

அன்புள்ள நிறாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நான் சம்மதம் சொல்லி, வேலையும் முடிந்துவிட்டது. எட்டுப் பனல்கள் கூரையில் மினுங்குகின்றன. உனக்கும் டொமினிக்குக்கும் நன்றி.

றொசாந்தன் மூன்று நாள் நின்று செய்தான். ஏணியில் ஏறும்போதும் பாட்டு, இறங்கும்போதும் பாட்டு. மத்தியானம் நண்டுக் கறி வைத்துக் கொடுத்தேன். விரலைச் சூப்பிக்கொண்டு, "அக்கா, டிலக்சனாவுக்கு இப்பிடி வைக்கப் பழக்கிவிடுங்கோ" என்றான். பெண் குழந்தை பிறந்து இருபத்தொரு நாளாம். போனில் படம் காட்டினான், அப்படியே அவனுடைய நெற்றி.

சாப்பிட்டபிறகு, ஆற்றாமல் கேட்டுவிட்டேன். "தம்பி, அந்தப் பதிவு எடுத்தால் உங்களுக்குத்தானே நல்லது?" அவன் கோபப்படவில்லை. "ஓம் அக்கா. பயிற்சிக்குப் போகவேணும், பிறகு சோதினை. பிள்ளை பிறந்திருக்கிற நேரம் மாசக் கணக்கில வேலையை விட்டிட்டுப் போக ஏலுமோ? வாற வருஷம் கட்டாயம் எடுப்பன்" என்றான். முகம் கொஞ்சம் வாடிப்போனது. ஏன் கேட்டேன் என்றிருந்தது.

மீற்றர் மாற்றும் அலுவலைத் தானே பார்ப்பதாகச் சொன்னான். இன்னும் யாரும் வரவில்லை. வயர்களை மூட்டிய இடங்களில் ஒட்டுகிற கறுப்பு ரேப் நாடாவைச் சுற்றியிருக்கிறான். இங்கே உப்புக் காற்றில் ஆணியையே நாலு மாதத்தில் துரு தின்றுவிடுகிறது, ரேப் நிற்குமா என்று கேட்டேன். "நிக்கும் அக்கா" என்றான்.

ஃபிரீசர் இரண்டும் ஓடுகின்றன. மனம் நிறைந்திருக்கிறது.

அன்புடன்,
அக்கா


விடத்தல்தீவு
03.12.2017

நிறா,

அன்றைக்குப் போனில் டொமினிக் கத்தினார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். பத்து நாளாக எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

மழை தொடங்கியபிறகு சமைக்கிற குசினிப் பக்கத்துக் கூரைத் தகரத்தில் கை பட்டால் சுருக்கென்று இழுத்தது. நான் றொசாந்தனுக்குப் போன் எடுத்தேன். மழை விடட்டும், இரண்டு நாளில் வருகிறேன் என்றான். "இல்லைத் தம்பி, நாளைக்கு எப்பிடியும் வாங்கோ, பயமாக் கிடக்கு" என்று நான்தான் சொன்னேன். அவனை அன்றைக்கு வரச் சொன்னது நான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். மழை விட்டு நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. ஈரத்தில் செருப்பு வழுக்கும் என்று கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினான். மேலே நின்று, "அக்கா, மெயினை நிப்பாட்டுங்கோ" என்றான். நிறுத்தினேன். ஃபிரீசர் சத்தம் அடங்கியது. "நிப்பாட்டியாச்சோ?" என்று கேட்டான். "ஓம் தம்பி, நிப்பாட்டிட்டன்" என்றேன்.

அதுதான் நாங்கள் கதைத்த கடைசிக் கதை.

அவன் சத்தம் போடவில்லை. தகரத்தில் ஏதோ சரிவது மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கராசா அண்ணன் ஓடிவந்து காய்ந்த தடியால் தள்ளித்தான் அவனைப் பிரித்து எடுத்தார். வான் வண்டியில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. உயிலங்குளம் தாண்டும்போது உடம்பு குளிர்ந்துவிட்டது.

வீட்டுக் கறன்ட் நின்றதே தவிர, வெயிலில் கிடந்த பனல்களின் கறன்ட் நிற்கவில்லை. அதைத் தனியே வெட்டுகிற சுவிச் ஒன்றை அவன் வைத்திருக்கவில்லை. எர்த் வயரும் இறக்கவில்லை. பரீனா அன்றைக்கு மண்டபத்தில் இதைத்தானே இரண்டு தரம் சொன்னா. நான் கேட்டேன், உனக்கும் எழுதினேன். அவன் மேலே நின்று கேட்ட அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு அதை யாரும் முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை.

அடக்கத்தன்று டிலக்சனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்கு வந்தா. என்னைப் பார்க்கவில்லை.

லூசியா


பேர்கன்
20.12.2017

அக்கா,

இவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. தம்பி போனில் அனுப்பிய குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறார். சாவீட்டுக்குப் போகவும் விசா அலுவல் சரிவரவில்லை. வீட்டில் கிறிஸ்மஸ் இல்லை.

உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தெரியவில்லை. மழைக்குள் கூப்பிட்டீர்கள் என்று இவரைப் பெற்ற மாமி சொல்கிறா. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மாமி சொல்லும்போது மறுத்துக் கதைக்கவும் இல்லை.

இப்போது எழுதுவது இவர் சொல்லித்தான். மரண விசாரணையை மன்னார் கோட்டில் ஜனவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று அறிந்தோம். அங்கே உங்களைக் கேட்பார்கள். வெளி லைனில் இருந்து வந்த கறன்ட் பாய்ந்தது என்று நீங்கள் சொன்னால் டிலக்சனாவுக்கு ஏதாவது நட்டஈடு கிடைக்க வழி உண்டாம். பதிவு இல்லாமல் செய்தான், பிழையாகப் பூட்டினான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தகப்பன் தன் பிழையால் செத்தான் என்ற பெயர்தான் மிஞ்சும். உயிரோடு இருக்கும்போதும் அவனுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. செத்தபிறகாவது விடுங்கோ.

ஒரு வசனம்தான் அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நிறஞ்சலா


விடத்தல்தீவு
14.01.2018

அன்புள்ள நிறா,

செவ்வாய்க்கிழமை கோட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதைச் செய்யலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். டிலக்சனா முன்வாங்கில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தா. அவளைப் பார்த்தபோது பொய் சொல்வது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

என்னைக் கூப்பிடுவதற்கு முன் பரீனாவும் ஒரு இஞ்சினியரும் என் கூரையைப் பார்த்து எழுதியதை வாசித்தார்கள். பிறகு நீதவான் என்னிடம், "இவர் வேறு வீடுகளுக்கும் பூட்டியிருக்கிறாரா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது. ரேப் சுற்றிய அதே மூட்டு, எர்த் வயர் இல்லாத அதே தகரம், இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ? அந்த வீடுகளிலும் பிள்ளைகள் ஓடித்திரிவார்கள். லைன் கறன்ட் என்று நான் சொல்லிவிட்டால் அந்தக் கூரைகளை இனி யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு இல்லை என்று தெரிந்தும் சம்மதித்தது நான், மழைக்குள் வரச் சொன்னதும் நான் என்று அதையும் சொன்னேன். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை ஐயா, தனக்குத் தெரியாததுதான் அவனைக் கொன்றது என்றேன். அழுகையில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

வெளியில் டிலக்சனா என்னிடம் வந்து, "நீங்கள் இனி எங்கட வாசலுக்கு வரவேண்டாம்" என்றா. சரியென்று தலையாட்டினேன். நண்டில் வருவதில் பாதியை எங்கள் கோயில் பங்குச்சாமி மூலம் அவளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவன் பூட்டிய வீடுகள் எவை என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய போன் விழுந்து நொறுங்கிவிட்டது. டிலக்சனா வாய் திறக்கிறா இல்லை. பரீனா மன்னார்த் தீவிலும் இந்தப் பக்கமும் சைக்கிளில் போய், கூரைகளை அண்ணாந்து பார்த்துத் தேடுகிறா. ஒவ்வொரு வேலை முடிந்ததும் றொசாந்தன் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்புவதாக என்னிடம் சொன்னவன். அந்தப் படங்கள் டொமினிக்கிடம் இருக்கும். நான் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. நான் கேட்பதை நீ செய்யவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


பேர்கன்
26.01.2018

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரும் வாசித்தார். வாசித்துவிட்டு, "இனி உம்முடைய அக்கா எனக்கு ஆருமில்லை" என்றார். உங்களோடு தொடர்பு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் பொல்லாத மனுஷன் இல்லை. தாள் கேட்டதற்குக் கோபப்பட்டு, தம்பியை அந்தக் கூரையில் ஏற்றியது தான்தான் என்று அவருக்குத் தெரியும். உங்களைப் பார்த்தால் அதுவும் நினைவு வரும். உங்கள் வாயை அடைத்தது நான். அதை எனக்கு யாரும் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

நான் இவரோடுதான் இருக்கப்போகிறேன். இந்த நிலையில் இவரை விட்டுவிட முடியாது. அதனால் இது என் கடைசிக் கடிதம். பதில் எழுதாதீர்கள், அது இவர் கையில்தான் போய்ச் சேரும். போனும் எடுக்காதீர்கள். உங்களுக்கு ஏதும் சுகமில்லை என்றால் பங்குச்சாமியிடம் சொல்லி எனக்கு அறிவியுங்கோ, அது போதும்.

இவர் குளிக்கப் போன நேரங்களில் போனைத் திறந்து, மூன்று நாளாகப் பார்த்து எழுதினேன். உங்கள் வீட்டோடு சேர்த்துப் பதினொரு வீடுகள். படங்களுக்குக் கீழே தம்பி ஊரும் பெயரும் போட்டிருக்கிறான். வங்காலையில் நான்கு, கட்டுக்கரைப் பக்கம் மூன்று, விடத்தல்தீவில் உங்களுடையதோடு இரண்டு, தாராபுரத்தில் ஒன்று. ஒன்றுக்கு மட்டும் ஊர் இல்லை, பின்னால் ஒரு பச்சைத் தண்ணீர்த் தாங்கி தெரிகிறது. எல்லாம் இதோடு வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான் அக்கா. அழித்துவிடுவோமோ என்று பயந்து பயந்து தொட்டேன்.

பரீனாவிடம் சொல்லுங்கோ, முதலில் தாராபுரம் வீட்டுக்குப் போகட்டும். கலந்தர் என்று பெயர் இருக்கிறது. அந்தப் படத்தில் உடுப்புக் காயப்போடும் கம்பியின் ஒரு நுனியைப் பனல் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் ஈரச் சீலையை விரித்துக்கொண்டு நிற்கிறா. இடுப்பில் பிள்ளை.

நிறஞ்சலா