நான் படிக்காமல் விட்ட சொல்

19-1-70
அறுப்புக் கூலிக்காக வேலைநிறுத்தம் நடக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலில் போலீஸ். நாளை இங்கிலீஷ் பரீட்சை. "நம்ம தெருவுல இங்கிலீசு தெரிஞ்ச ஒரே புள்ள" என்று அப்பா எல்லோரிடமும் சொல்கிறார்.

21-1-70
அப்பாவின் தம்பி வைரக்கண்ணு சித்தப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார். ரொம்ப நாளாகத் தகவல் இல்லை. சங்கத்துப் பக்கிரி அண்ணன் அங்கே தந்தி அடித்துக் கேட்டிருந்தார். வேலைநிறுத்தத்தால் அவர் இப்போது தலைமறைவு. பதில் இன்று வந்தது.

எங்கள் தெருவுக்குத் தந்தி என்றால் சாவுதான். தந்திக்காரர் சைக்கிளைப் பார்த்ததுமே சித்தப்பாவின் மனைவி அம்சம் சித்தி மாரில் அடித்துக்கொண்டாள். பிரிப்பதற்குள் ஒப்பாரி.

காகிதத்தை என் கையில் திணித்தார்கள். 'வைரக்கண்ணு நோ மோர் ஹியர்.' அவ்வளவுதான். செத்துவிட்டாரா? தோட்டத்தை விட்டுப் போய்விட்டாரா?

"இருக்கானா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு" என்றார் அப்பா.

தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்ல" என்றேன்.

ஹியர் என்றால் 'இங்கே'. எனக்குத் தெரியும். தெரிந்தும் விழுங்கினேன்.

27-1-70
இங்கிலீஷ் வாத்தியாரிடம், யாருக்கோ என்பதுபோல் கேட்டேன். "ரெண்டு விதமாவும் எடுக்கலாம்மா. அனுப்புனவங்களத்தான் கேக்கணும்."

அப்பா மொட்டை போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருமாதி. சித்தியின் தாலியை அறுப்பார்கள். சொன்னால் என் படிப்பை நிறுத்திவிடுவார்கள் — சொல்லாவிட்டால்?

29-1-70
சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள். "நீ இல்லன்னா எனக்குச் சேதியே தெரிஞ்சிருக்காது" என்றாள். சீ, நானெல்லாம் ஒரு மனுசியா!

1-2-70
வளையலை உடைக்கச் சித்தியின் கையைப் பிடித்தார்கள். கத்திவிட்டேன். "வேணாம்! நான் முழுசாப் படிக்கல! அங்க இல்லன்னுதான் போட்டிருக்கு!"

அப்பா அறைந்தார். "படிச்ச திமிரு. சாவுலயா வெளாட்டு?" என்றாள் ராமாயி அத்தை.

சித்தி கையை மெல்ல உருவிக்கொண்டாள். கருமாதிக்கு ஆக்கிய சோறு அப்படியே கிடந்தது.

12-2-70
படிப்பை நிறுத்தவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை.

கூலி பேசி முடிந்து, அறுப்பு தொடங்கிவிட்டது. சித்தி பொட்டு வைத்துக்கொண்டுதான் போகிறாள். "புருசன் செத்தானா ஓடுனானான்னு தெரியல, பொட்டு ஒரு கேடு" என்று வரப்பில் பேசிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் அவள் காதில் விழவைத்ததும் நான்தான்.

இன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க இல்லன்னா வேற எங்கடி இருப்பாரு?"

"தெரியாது சித்தி."

"சரி" என்றாள். எழுந்து போகவில்லை.