மேடையில் நான் சேர்த்த வரி

ஐப்பசி 3, திங்கள்

இன்று ராமசாமி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. கிணறு வெட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நான்கு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறான். ஓட்டுக் கேட்கத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“அண்ணாச்சி, நம்ம காட்ட வெளச்சல்ல பங்குக்கு வாரமா உழுதவன்ட்ட இந்த வருசம் வேண்டாம்னு சொல்லிட்டேன். நானே வெதச்சுக்கிடுதேன். அந்த ஊசி எப்பப் போடுவாவன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

போன வாரம் கடம்பூர்க் கூட்டத்தில் பேசியது நான்தான். கட்சி கொடுத்த தாளில், நரம்பு நோய்களுக்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிலையம் கொண்டுவருவோம் என்று மட்டும்தான் இருந்தது. அதை வாசித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஒரே ஊசியில் முடங்கியவர்கள் எழுந்து நடப்பார்கள் என்று நானாகச் சேர்த்தேன். விசில் பறந்தது. வேட்பாளர் என் முதுகில் தட்டி, எல்லா ஊரிலும் இதையே பேசச் சொன்னார். பேசினேன்.

ராமசாமியின் மனைவி வாசல்வரை கூடவே வந்தாள்.

“நெசந்தானா அண்ணாச்சி? பருத்தி போடவா, கம்பு போடவான்னு அவிய நாள் பூரா இதே பேச்சா இருக்காவ.”

ஆமாம் என்றேன்.

திரும்பி வரும்போது பார்த்தேன். சுற்றிலும் நிலத்தை உழுது போட்டிருக்கிறார்கள். அவன் காடு மட்டும் போன வருடத்துப் பருத்திக் கட்டையோடு கிடக்கிறது. ஒரு மழை விழுந்தால் ஊரே விதைக்கப் போய்விடும். அவன் கட்டிலில் இருந்தபடி, ஊசி எப்போது என்று எனக்குத்தான் போன் போடுவான்.

வடக்கே மின்னிக்கொண்டே இருக்கிறது. மழையை நம்பியே விதைக்கும் கரிசலில் பிறந்தவன் நான், மழை வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.