முன்னால் போன கார் ஏன் நின்றது?

பகேரியா
05.02.2025

மதிப்புக்குரிய கோபாலசிங்கம் அண்ணாவுக்கு,

என் கை வீங்கியிருக்கிறது, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அங்கே அம்பிகை அக்காவின் கழுத்து நோ குறைந்திருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். ஞாயிறு மாலை போனில் நீங்கள் பலேர்மோவில் நின்று கத்த, எங்கள் வீட்டுக்காரர் தான் வேலை செய்கிற ஜெனோவாக் கப்பலின் சமையலறையில் நின்று கத்த, அங்கே அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போனதாம். எழுத்தில் ஆள் கத்த முடியாது. அதனால் இந்த அலுவல் முடியும்வரை நானும் நீங்களும் மட்டும் எழுதிக்கொள்வோம். கடிதத்தைப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்களுக்கும் சந்திக்க ஒரு சாட்டு வேண்டும்தானே.

கலியாணப் பேச்சு முற்றாகி இரண்டு குடும்பமும் முதல்முதல் ஒன்றாகப் போன பயணம் அது. மலைக்குப் போய்ப் பனி பார்ப்போம் என்றால், பனியைப் பார்க்கவே விடாமல் ரோட்டில் இருந்த ஐஸ் முந்திக்கொண்டது. எங்கள் கார் வழுக்கிக்கொண்டு போய் உங்கள் காரின் பின்பக்கத்தை நெரித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐஸைப் போட்டது காரை ஓட்டின மகன் விதுரன் இல்லை. நேர் ரோட்டில் உங்கள் கார் சடாரென்று நின்றது என்று அவன் சொல்கிறான். நான் குனிந்து பிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்ததால் காணவில்லை.

பிள்ளையோடு கோபிக்காதீர்கள். எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டும். உங்கள் மகள் சுலக்சனாவை எனக்கு நல்லாய்ப் பிடித்திருக்கிறது.

அன்புத் தங்கை,
மனோன்மணி

*

பலேர்மோ
08.02.2025

அன்புள்ள தங்கச்சி மனோன்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. பகேரியாவிலிருந்து ரயிலில் வரக் கொஞ்ச நேரம்தான், ஆனால் உங்கள் தபால்காரர் என் மகளைக் கடற்கரையில் சந்தித்து, கடிதம் என் கைக்கு வர இருட்டிவிட்டது. அம்பிகையின் கழுத்து இப்போது சுகம். என்னைத் திட்டுவதற்குத் திரும்பும் அளவுக்குத் திரும்புகிறது.

நான் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய் எல்லாம் விசாரித்தேன். ஐஸ் என்பது சாட்டு இல்லையாம். குளிர்காலத்தில் மலையில் ஐஸ் இருக்கும் என்று தெரிந்துதானே போனோம், அதற்கேற்ற இடைவெளி விட்டு ஓட்ட வேண்டுமாம். பின்னால் வந்து இடித்தவர் பக்கம்தான் பிழை என்று முதலில் எடுப்பார்களாம். கட்டாயக் காப்புறுதி என்பது மற்றவருக்குச் செய்த சேதத்துக்கு மட்டும். ஆகவே உங்கள் காப்புறுதி என் காரைத் திருத்தித் தரும், உங்கள் காருக்கு ஒரு சதமும் தராது. அதற்கு வேறாகக் கட்டியிருக்க வேண்டும். ஒரு நல்ல செய்தி, உங்கள் கைக்கு வைத்தியம் உண்டு. ஓட்டியவரைத் தவிர காருக்குள் இருந்த எல்லோரையும் அது பார்க்குமாம், சொந்தத் தாயாக இருந்தாலும்.

நான் சடாரென்று நிற்கவில்லை. ரோட்டின் தன்மையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தேன். முப்பது வருடமாக ஓட்டுகிற எனக்கு பிறேக் பிடிக்கத் தெரியும்.

இன்னொரு விஷயம். அந்தக் குளிரில் கை விறைத்து, நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட நீல விபத்துப் படிவத்தை இப்போதுதான் பார்த்தேன். உங்கள் காரை ஓட்டியவர் ஞானசேகரம் என்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அன்று கப்பலில் அல்லவா நின்றார்?

இப்படிக்கு,
கோபாலசிங்கம்

*

பகேரியா
11.02.2025

அண்ணாவுக்கு,

அதை எழுதியது நான்தான். வீட்டு வாடகை, லைட் பில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எந்தப் படிவம் வந்தாலும் இவரின் பெயரை எழுதி எழுதிப் பழகின கை. அன்று விதுரன் உங்கள் காரின் கதவைத் திறக்க ஓடிவிட்டான். நான் நடுங்கிக்கொண்டு, ஓட்டியவர் என்ற இடத்திலும் வீட்டுத் தலைவரையே இருத்திவிட்டேன். விதுரனும் பாராமல் கையெழுத்து வைத்தான். அவன் கையெழுத்தும் கோழி கிளறினது போலத்தான், யாரும் வித்தியாசம் காணவில்லை.

பிறகு காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். மலிவாக இருக்கிறது என்று இவர் எடுத்தது, இவர் ஒருவர் மட்டும் ஓட்டுவதற்கான காப்புறுதி. இங்கே நம் ஆட்கள் அதையெல்லாம் பார்த்தா சாவியைக் கொடுக்கிறார்கள்? கோயிலுக்கு, ஆசுபத்திரிக்கு, பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குக்கு என்று எங்கள் காரை ஓட்டாத ஆளே பகேரியாவில் இல்லை. வேறு ஆள் ஓட்டி இடித்தால் கொம்பனி உங்களுக்குத் தந்துவிட்டு, தந்ததை எங்களிடம் திருப்பிக் கேட்குமாம்.

இவரிடம் சொன்னேன். "பெடியனை மட்டும் ஏசாதை" என்றார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் எங்களைப் பொய்க்காரர் என்று நினைத்து, கலியாணத்தை நிற்பாட்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

மனோன்மணி

*

பலேர்மோ
13.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கலியாணத்தை ஏன் நிற்பாட்டுகிறேன்? மகள் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நான் இழப்பீடு கேட்கப் போவதில்லை. கோரிக்கையே கொடுக்காவிட்டால் அந்தப் படிவத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. யார் ஓட்டினார் என்ற கேள்வியும் வராது. காரை மெல்ல மெல்லத் திருத்துவேன். மொண்டெல்லோவில் நான் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோராவிடம் விடியப் பஸ்ஸில் போகிறேன். பஸ் பிந்தி வருகிறது, அவவும் பிந்தி எழும்பப் பழகிவிட்டா.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். கப்பல் சம்பளத்தில் எவ்வளவைச் சமாளிப்பீர்கள்? உறவு தொடங்குகிற நேரத்தில் இதை நான் செய்யாமல் யார் செய்வது? இத்தோடு இதை மறந்துவிடுங்கள்.

கோபாலசிங்கம்

*

பகேரியா
17.02.2025

கோபாலசிங்கம் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் கூட. கப்பல் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தோம். ஒருவரிடமும் போய் நின்றதில்லை.

நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்று நான் வந்தால், என்னைக் காணும்போது உங்களுக்கு அந்த நெரிந்த கார் நினைவு வரும். எனக்கு உங்கள் இரக்கம் நினைவு வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் எப்படிக் குடும்பம் நடத்துவார்கள்? நீங்கள் இழப்பீட்டைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இந்தச் சம்பந்தத்துக்கு நான் ஓம் சொல்ல மாட்டேன்.

படிவத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். விதுரன் வெள்ளிக்கிழமையே எங்கள் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய், ஓட்டியது தான்தான், அம்மா பதறிப் பிழையாக எழுதிவிட்டா என்று சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவும் இல்லை. பணம் ஒன்றும் கைமாறுவதற்கு முன் வந்து சொன்னதால் திருத்திக்கொள்ளலாமாம். திருப்பிக் கேட்பதைப் பகுதி பகுதியாகவும் கட்டலாமாம்.

முன்னால் போன கார் ஏன் நின்றது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தனக்குத் தெரியாது, பின்னால் வந்தது தான்தான், இடைவெளி விடாதது தன் பிழை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வீட்டில் எங்களிடம் ஒன்று சொன்னாய், அங்கே ஏன் சொல்லவில்லை என்று பேசினேன்.

"அவரை நான் இனி மாமா எண்டெல்லோ கூப்பிடப் போறன், அம்மா. அவருக்கு எதிரா எழுதிக் குடுத்திட்டு எப்பிடிக் கூப்பிடுறது?" என்றான்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

மனோன்மணி

*

பலேர்மோ
20.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நாலாம் தரம் அம்பிகை பறித்து வாசித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருட அனுபவத்தில் பிறேக் பிடித்த கதையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நடந்தது இதுதான். விடிய எழும்பி அவள் வடை சுட்டுத் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. திடீரென்று, "நிப்பாட்டுங்கோ, மாப்பிள்ளை பகுதிக்கு ஆறின வடையோ குடுக்கிறது" என்றாள். நான் நிற்பாட்டினேன். நேர் ரோட்டில், ஐஸில், பின்னால் யார் வருகிறார் என்று கண்ணாடியைப் பாராமல், ஓரத்துக்கும் எடுக்காமல், ஒரே மிதி. வேகத்தைக் குறைத்தேன் என்று உங்களுக்கு எழுதியது சுத்தப் பொய். வடைக்காக நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நேற்று விதுரனையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அவன் வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று வாசல்வரை கையைப் பிடித்து இழுத்தான். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்த பெண் பிள்ளை முதலில் எழுதினாள், பிறகு பேனையை வைத்துவிட்டு வடை என்றால் என்ன என்று கேட்டாள். விதுரன் இத்தாலியனில் விளங்கப்படுத்தினான். அது எப்படிச் செய்வது என்பதையும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டாள்.

காரணமில்லாமல் ரோட்டின் நடுவில் நின்றது என் பிழை. இடைவெளி விடாமல் வந்தது அவன் பிழை. அநேகமாகப் பாதிப் பாதி என்று எடுப்பார்களாம். அப்படியென்றால் என் காருக்குப் பாதிதான் கிடைக்கும், ஆகவே உங்களிடம் திருப்பிக் கேட்பதும் பாதிதான். அதோடு என் பாதிப் பிழைக்கு என் காப்புறுதி உங்கள் காரின் சேதத்தில் பாதியைத் தர வேண்டும். உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது என்று நான் எழுதினது தவறு. நீங்கள் சொன்னபடி இழப்பீடு கேட்டுவிட்டேன். இதில் இரக்கம் ஒரு துளியும் இல்லை, திருப்பி அனுப்ப உங்களால் முடியாது.

இன்னும் ஒன்றையும் எழுத வேண்டும். மகளை எப்படிப்பட்டவனிடம் கொடுக்கிறேன் என்று இந்த ஒரு வருடமாக ஊரெல்லாம் விசாரித்தேன். வேலை, குடி, சிகரெட், கூட்டாளிமார் எல்லாம் விசாரித்தேன். தன் பிழையை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, என் பிழையை வாய் திறக்காமல் சுமப்பான் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என் பக்கம் விசாரணை முடிந்தது. இனி விசாரிக்க வேண்டியது நீங்கள்தான், இப்படி ஒரு மாமனாரை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று.

உங்கள் வீட்டுக்காரர் கரைக்கு வருகிற நாளை அறியத் தாருங்கள். நாங்கள் ரயிலில் வருகிறோம், நாள் குறிக்க.

உங்கள் சம்மந்தி,
கோபாலசிங்கம்