ஓடைக்குக் குறுக்கே கிடந்த தடி

அண்ணே, இன்று காலை உன் தென்னையிலிருந்து புளித்த கள்ளின் வாடை வந்தது. தடியில் காதை வைத்தேன். உள்ளே புழு கறுக் கறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. அருமனையில் தென்னை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். சிவப்புக் கூன்வண்டு. வெளியே ஓலை பச்சையாகத்தான் நிற்கும். சத்தம் கேட்கும்போது மரம் பாதி போயிருக்கும்.

உன் தென்னை என்றால், உன்னை எரித்த இடத்தில் சாம்பல் ஆறியதும் நாங்கள் வைத்த தென்னம்பிள்ளை. இந்த வருடம்தான் காய்க்கத் தொடங்கியது.

முன்பு உன் பங்கில் ஒரு மரம் இதே வண்டால் கொண்டை சாய்ந்ததே, நினைவிருக்கிறதா? பிளந்து கொளுத்து என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? வெட்டிய தென்னையை ஓடைக்குக் குறுக்கே போட்டுப் பாலமாக்குவதுதானே நம் வழக்கம். "ஏட்டி, சவத்து வண்டுக்குப் பயந்து நல்ல தடியக் கொளுத்தவா?" என்றாய். ஊரே அதன்மேல் நடந்து உன்னைப் புகழ்ந்தது. தடிக்குள் இருந்த புழுக்கள் கூடு கட்டி, வண்டாகி, சாவகாசமாக வெளியே வந்தன. இரு கரையிலும் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அப்பா எனக்கென்று தந்த வரிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று அங்கே ரப்பர் நிற்கிறது. மீன்குழம்புக்குக் கடைத் தேங்காயை அரைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. "தப்பாப் போச்சு" என்று சாகும்வரை நீ சொல்லவில்லை. "எல்லாம் எங்கேருந்தோ பறந்து வந்ததாக்கும்" என்றாய்.

மரத்தை வெட்ட வேண்டும் என்று உன் மகனிடம் சொன்னேன். "அப்பாவாக்கும் அத்தை, எப்படி வெட்ட?" என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் இளந்தென்னைகள் நிற்கின்றன, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஏணி வைத்து ஏறி நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், கையோடு வந்தது. வெட்டினோம்.

மரம் விழுந்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தடியை இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் பார்த்தான்.

"பழைய பாலம் உளுத்துப் போச்சில்லா அத்தை. இதத் தூக்கிப் போட்டுருவமா? அப்பா பேரும் நிக்கும்."

உன் குரலேதான்.

"ஏலே, கோடாலிய எடு. மண்ணெண்ணெயும் கொண்டா" என்றேன்.

பிளந்து அடுக்கி நானே தீ வைத்தேன். அன்று உனக்குக் கொள்ளி வைத்தவன் அவன். பெண்களை அந்தப் பக்கமே விடவில்லை. இன்று உன்னை எரித்தது நான். வண்டும் புழுவும் வெடித்துக் கருகும்வரை நின்று பார்த்தேன்.

கோபம் ஆறிவிட்டதென்று நினைக்காதே. ஆறவில்லை. ஆனாலும் உன் புகை ஏறிய இந்தச் சேலையைத் துவைக்கப் போட மனம் வரவில்லை, அண்ணே.