சொன்ன பேச்சைக் கேட்காதவர்

அன்பையும் சண்டையையும் சரிபாதியாகக் கொடுத்த என் அத்தைக்கு,

நாளைக் காலை எனக்குத் தேர்வு. பட்டதாரிகள் தாதியாவதற்கென்று இங்கே சிங்கப்பூரில் ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறதே, அதில் சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு. தஞ்சோங் பகாரில் குளுகுளு அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, இந்த வயதில் இவள் ஏன் மலச்சட்டி தூக்கப் போகிறாள் என்று உங்கள் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. காரணம் நீங்கள்தான் என்று சொன்னால் உங்களையும் சேர்த்துப் பேசுவார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. நான் படிக்கிறேன் என்று உங்கள் மகன் முரளி சமையலைக் கையில் எடுத்திருக்கிறார். ரசம் என்று ஒன்று வைக்கிறார். நீங்கள் இருந்திருந்தால் அதைக் கீழே ஊற்றிவிட்டு, சொல்லிக்கொடுக்கவில்லை என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். மார்சிலிங் வீட்டில் உங்கள் அறையில்தான் என் புத்தகங்கள் கிடக்கின்றன. கட்டிலில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு படிக்கிறேன், கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்.

இனி கோபம். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சனிக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். நடத்துகிறவர் ஜெரால்டு சார், பல வருஷம் தாதியாக இருந்தவர். போன மாதம் ஒரு மாதிரிக் கேள்வி கொடுத்தார். வயதான இந்தியப் பெண்மணி, நீரிழிவு நோயாளி, பாதத்தில் உணர்ச்சி இல்லை. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று எச்சரித்தும் நடந்து, புண்ணோடு வந்திருக்கிறார். 'நான்-கம்ப்ளையண்ட்' ஆன இந்த நோயாளியை எப்படிக் கையாள்வீர்கள்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், அத்தை. நான்-கம்ப்ளையண்ட் என்றால் சொன்ன பேச்சைக் கேட்காதவர். மருத்துவமனையில் உங்கள் கட்டிலைச் சுற்றி மாணவர்களை நிறுத்திவைத்துக்கொண்டு அந்த மருத்துவர் சொன்ன அதே சொல். உங்கள் காலைத்தான் காட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் நகர்ந்ததும், "என்னம்மா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"சீக்கிரம் நல்லாயிடும்னு சொல்றாங்க அத்தை" என்றேன். அதற்கும் தலையாட்டினீர்கள்.

யார் பேச்சைக் கேட்கவில்லையாம் நீங்கள்? முரளி மோட்டார் சைக்கிளோடு விரைவுச்சாலையில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டீர்கள், பிள்ளை எழுந்து நடந்தால் மூன்று தைப்பூசம் பால்குடம் எடுக்கிறேன் என்று. பிள்ளை எழுந்து நடந்தார். இரண்டு தைப்பூசம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதற்குள் நீரிழிவால் உங்கள் பாதம் மரத்துப்போனது. முருகனுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, சிராங்கூன் சாலையிலிருந்து டோபி காட் பக்கம் டேங்க் ரோட்டுக் கோயில் வரை அந்தக் காலோடு, செருப்பில்லாமல் நடந்தீர்கள். கொப்புளம் வந்ததே உங்களுக்குத் தெரியவில்லை. அது புண்ணாகி, புண் அழுகி, விரல்களை எடுத்தும் தீராமல், உங்களையே கொண்டுபோய்விட்டது.

அந்தத் தைப்பூசத்துக்கு முன்னால் கிளினிக்குக்குத் தனியாகப் போய்வந்தீர்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று அங்கே ஒரு தாதி சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களிடம், "எல்லாம் ஓகேன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு நான் போய்க் கேட்டபோது அந்தத் தாதிக்குக் கண் கலங்கிவிட்டது. 'புரிந்ததா ஆன்ட்டி என்று கேட்டேன், புரிந்தது என்று தலையாட்டினார்களே' என்றார் அவர். பாவம், அந்தப் பெண்ணை நான் என்ன சொல்வது? உங்கள் தலையாட்டலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

எங்களுக்குத் தெரியும். படித்தவர்கள் எதிரில் உட்கார்ந்து பேசினால் தலையாட்டுவது உங்களுக்கு மரியாதை. மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. டாக்டர் கொடுத்த அந்தத் தடித்த காலணியை டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டு போவீர்களே, அவர் மனம் நோகக் கூடாதென்று. உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், அத்தை. என்னிடம் குழம்பில் உப்பில்லை என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு, அங்கே 'எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு' என்று சொல்லத் தெரியாமல் போனது ஏன்?

ஆனால் 'நான்-கம்ப்ளையண்ட்' என்ற அந்தச் சொல்லை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். ஒரு விண்ணப்பத்தின் மேல் ஒரு சொல்லை ஒட்டிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் மேலும் ஒட்டினார்கள். அதன் பிறகு வந்தவர்களெல்லாம் உங்களிடம் ஒரு தினுசாகப் பேசினார்கள், பிடிவாதக் குழந்தையிடம் பேசுவதுபோல். உங்களுக்கு அது புரிந்ததா?

மாதிரிக் கேள்விக்கு நான் எழுதிய விடை சின்னது. ஏன் நடந்தீர்கள் என்று அவரிடம் கேட்பேன். வேண்டுதல் என்றால், அவருக்காக வேறு யார் பால்குடம் எடுக்கலாம் என்று அவரையும் வீட்டாரையும் வைத்துக்கொண்டு பேசுவேன். மகனையே எடுக்கச் சொல்லலாம். அவ்வளவுதான். முரளி எடுத்திருப்பார், அத்தை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடிப்போய் எடுத்திருப்பார்.

ஜெரால்டு சார் பாதி மதிப்பெண்கூடப் போடவில்லை. நோயாளிக்கு ஆபத்தை விளக்க வேண்டும், கையேடு கொடுக்க வேண்டும், விளக்கியதைப் பதிந்துவைக்க வேண்டும், அதுதான் விடையாம். நான் விடாமல் வாதாடினேன். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கவிதா, உங்களுக்கு மார்க் வேணுமா, நியாயம் வேணுமா? எக்ஸாம்ல எமோஷன் எல்லாம் எழுதாதீங்க லா" என்றார். காரணம் கேட்பது எப்போதிலிருந்து எமோஷன் ஆனது?

இதைவிடப் பெரிய கோபம் என் மேலேயே வந்தது. தேர்வோடு ஒரு நேர்காணலும் உண்டு. அதில் நோயாளியாக நடிக்கிறவரிடம் நாம் விளக்கிக் காட்ட வேண்டும். போன வாரம் முரளியைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துப் பயிற்சி செய்தேன். சார் சொன்னபடியே ஆபத்தை விளக்கினேன், புரிந்ததா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். நன்றாகச் செய்தேன் என்று திருப்தியோடு எழுந்தேன்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் முரளி. "நான் நாளைக்கு வெறுங்கால்லதான் நடப்பேன். அம்மா இப்படித்தானே தலையாட்டுச்சு."

சண்டை பிடித்தேன். என்னை ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார், அடுப்படியில் போய் அழுதார். உங்களுக்காக அத்தனை கோபப்பட்ட நானே சில வாரப் பயிற்சியில் இப்படி ஆகிவிட்டேன் என்றால், வருஷக்கணக்கில் படித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது?

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு இப்படியொரு கேள்வி வந்தால், இந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை, இவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதுவேன். இடம் கிடைக்காமல் போகலாம். ஜெரால்டு சார் தலையில் கை வைத்துக்கொள்ளலாம். போகட்டும், அடுத்த வருஷம் எழுதுவேன், அதற்கடுத்த வருஷமும் எழுதுவேன்.

என்றைக்காவது தாதிச் சீருடை போட்டுக்கொண்டு ஒரு வார்டுக்குள் நுழைவேன். அங்கே எந்தக் கட்டிலருகிலாவது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், இவரிடம் காரணம் கேட்டீர்களா என்று அந்த நோயாளியின் முன்னாலேயே கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. வாக்குக் கொடுத்துவிட்டால் கால் போனாலும் நடந்துவிடுவது நம் வீட்டு வழக்கம்தானே, அத்தை.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத,
உங்கள் மருமகள்
கவிதா