ஓசிக் கண்ணாடி

பிப்ரவரி 9
சீருடைத் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. நடுவில் தம்பி வந்து நின்றான், கையில் டார்ச் மாதிரி ஒரு லேசர். ஆன்லைனில் வாங்கினானாம். நீல ஒளி, மரத்தில் பிடித்தால் புகைகிறது. பலகையில் தன் பெயரை எரித்துக் காட்டினான். கல்யாணமான ஆள், பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி குதிக்கிறான். பெட்டியோடு ஓசியில் ஒரு பச்சைக் கண்ணாடி வந்திருக்கிறது. அது அவன் மூக்கில். எனக்கு? "நீ ஓரமா நில்லுக்கா, ஒண்ணும் ஆகாது."

பிப்ரவரி 15
வலது கண்.

பிப்ரவரி 16
நேற்று பலூனை வெடிக்கவைத்துக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டான். ஒளி மேஜையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் பட்டுத் திரும்பியது. வலியே இல்லை. நீலமாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். இப்போது எதைப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிற ஓட்டை. இடது கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன் — காதுகள் தெரிகின்றன, மூக்கைக் காணோம்.

அதே அம்மா சொல்கிறாள்: "வேணும்னா பண்ணான்? பாவம்டி, அவன் சாப்பிடக்கூட இல்ல."

நான் சாப்பிட்டேனா என்று யார் கேட்டது?

பிப்ரவரி 18
கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. விழித்திரையின் நடுவில் சுட்டிருக்கிறது. "கொஞ்சம் தேறலாம். முழுசா வரும்னு சொல்ல முடியாதும்மா." தம்பியின் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஒளியைத் தடுக்கும்னு இதுல ஒரு நம்பர்கூட இல்லையே. ஒவ்வொரு லேசருக்கும் அதுக்குன்னு கண்ணாடி இருக்கு. இது வெறும் கலர் பிளாஸ்டிக். அதுவும் ரூம்ல இருக்கற எல்லாருமே போடணும்." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா பாருடா! உனக்குத்தான் ரெண்டு கண்ணும் இருக்கே!

பிப்ரவரி 23
பட்டன் ஓட்டை கோணல். பிரித்தேன். மறுபடியும் கோணல். சட்டையைச் சுருட்டிச் சுவரில் அடித்தேன்.

பிப்ரவரி 27
தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, அவர் மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்காரு." மறுபடியும் லேசரா? செருப்பைக்கூட மாட்டாமல் அவன் வீட்டுக்கு ஓடினேன். தள்ளித் திறந்தால் — உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்து நிற்கிறான்.

"என்னடா பண்ற?"

"இடது கண்ல ஒரு புள்ளி இருக்குக்கா."

"எப்பலேர்ந்து?"

காலண்டர் பக்கமே திரும்பிக்கொண்டான். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உனக்குப் படறதுக்கு முன்னாடியே... தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன். கண்ணாடிதான் போட்டிருந்தேனே."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை அங்கே நிற்க வைத்திருக்கிறான். கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை?

மார்ச் 1
லேசரை விற்றுவிடுகிறானாம். "யாருக்கு? அவங்க வீட்ல அக்கா இல்லையா?" என்றேன். எழுந்து போய்விட்டான். சாயங்காலம் அவனே சுத்தியலால் உடைத்துக் கொண்டுவந்து காட்டினான். எனக்கு ஆறவில்லை. உடைந்ததைப் பார்த்தால் கண் வந்துவிடுமா?

மார்ச் 6
ஆஸ்பத்திரி. எனக்கு மறு பரிசோதனை, அவனுக்கு முதல் பரிசோதனை. என் ஓட்டை கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். அவனுடையதும் தழும்புதான், அப்படியே நின்றுவிடலாமாம். இருவருக்கும் சொட்டு மருந்து விட்டதில் எல்லாம் மங்கல். வெளியே வெயில் ஊசியாய்க் குத்தியது. தம்பி மனைவி ஆளுக்கொரு கையாகப் பிடித்து எங்களைச் சாலை ஓரம் வரை கூட்டிவந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைன்னா போங்க. இங்கயே நில்லுங்க, வண்டி பிடிச்சிட்டு வரேன்."

அவள் போனதும் தம்பியின் கை காற்றில் துழாவியது. கொஞ்ச நேரம் துழாவ விட்டேன். பிறகு பிடித்துக்கொண்டேன்.