உச்சிவேளைப் பாங்கு

பிரியமுள்ள சபீரா,

பெருநாள் போயும் உன் மாமனாருக்கு ரமலான் முடியவில்லை. என் பெயரையே மறந்தவருக்கு நோன்பு மறக்கவில்லை. "நோயாளிக்கு நோன்பு கடமையில்லை" என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். "யாருங்க நோயாளி?" என்றார் அத்தா. மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்கும்வரை கஞ்சியைத் தொடாமல் துரும்பாகிவிட்டார்.

ஆகவே, மலைக்கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கும்போது நம் வீட்டில் பொழுது சாய்கிறது. யுத்த இருட்டடிப்புக்கு வாங்கிய கறுப்புத் துணியை ஜன்னலில் கட்டிவிட்டு, சமையலறையிலிருந்து நானே பாங்கு சொல்கிறேன்.

நேற்று கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மோதினார் குரல் நல்லா கீது. என் புள்ளையும் ஒருத்தன் கீறான், பள்ளிவாசல் பக்கமே வரமாட்டான். அவனுக்கும் கத்துக்குடுக்கச் சொல்லுப்பா."

சொல்லிவிட்டேன்.

அரக்கோணத்தில் பிள்ளை பிறந்ததும் ஆள் அனுப்பு. காதில் பாங்கு சொல்ல உன் அண்ணன் வேண்டாம், நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமனார் மெச்சிய மோதினார்